கடமலைக்குண்டுக்குப் போன பழைய பேப்பர்

அத்தையின் மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. நகைக்காகவோ புடவைக்காகவோ இல்லை; பழைய பேப்பருக்காக.

கம்பத்தில் அப்பாவுக்குத் திராட்சை வியாபாரம். பெட்டிக்கு அடியில் விரிக்கப் பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதைப் பிரிக்கும்போதே அப்பா வாசிக்க உட்கார்ந்துவிடுவார். விண்வெளி, விலங்கு, அரசியல், ஏதோ ஒரு நாட்டுச் சண்டை என்று சுவாரசியமாகப் பட்டதையெல்லாம் கிழித்துக் கட்டி வைப்பார். எனக்கென்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் கடமலைக்குண்டில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு. பெற்ற மகள் நான் பக்கத்திலேயே நிற்பேன், கண்ணில் படமாட்டேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். பெண் கொடுத்த வீட்டில் நெடுநேரம் உட்காரக் கூடாது, காப்பியைக் குடித்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஆனால் அந்தக் கட்டைப் பிரித்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்ல! எனக்கு ஒன்ன வச்சுக்கிட்டே மாள முடியலண்ணே" என்பாள் அத்தை. அப்பா அப்படிச் சிரித்து எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை தேர்தல் செய்தி அகப்பட்டது. பேப்பரோ பல மாதம் பழசு. யார் ஜெயிப்பார்கள் என்று இருவருக்கும் அப்படியொரு வாக்குவாதம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த எலெக்‌ஷன் எப்பவோ முடிஞ்சிருச்சு! யாரு ஜெயிச்சாகன்னு ஒண்ணாப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!" என்று கத்தினேன்.

அத்தையின் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "ஏன் மச்சான், முடிஞ்சுபோன எலெக்‌ஷனுக்கா மாசாமாசம் இம்புட்டு நேரம் பேசுறீக?"

அப்பா எழுந்துவிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் இருங்கண்ணே. இன்னொரு காப்பி போடுறேன்."

"குடிச்சாச்சுல்ல ஆத்தா" என்று செருப்பை மாட்டினார்.

அதற்குப் பிறகு அப்பா வெறுங்கையோடு போனார். காப்பியைக் குடித்ததும் திரும்பினார். பேப்பர் முழுவதும் திராட்சைக்கு அடியில் போயிற்று. அத்தை தோற்றுவிட்டாள், இனி அப்பா எனக்குத்தான் என்று துள்ளினேன். அந்த வீட்டில் காலையிலிருந்து டிவி ஓடிக்கொண்டிருக்கும். யார் ஜெயித்தார்கள் என்பது அத்தைக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் அண்ணனோடு மல்லுக்கட்டினாள் என்பது மட்டும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.