மார்கரெட்டம்மாளுக்கு ஒரு செபம்

நான் வசிக்கும் ஸ்காட்லாந்தில் ஃபாதர் வரவில்லை என்றால் சனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இதைப் பார்த்தேன். பனி சாலையை அடைத்ததில் ஃபாதர் பக்கத்து ஊரிலேயே மாட்டிக்கொண்டார். கோயிலில் இருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். டேவிட் என்ற பெரியவர் மட்டும் அசையவில்லை. அவர் மனைவி மார்கரெட் இறந்து அன்றோடு ஒரு வருடம். அவளுக்கான பூசைக்குத்தான் அந்தப் பனியில் நடந்து வந்திருந்தார். மடியில் தொப்பியை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

என் அப்பா குற்றாலத்துப் பக்கம் மலையடிவாரக் கோயில் ஒன்றில் உபதேசியார்; ஃபாதருக்குத் துணையாக இருக்கும் குடும்பஸ்தர். அந்தத் திமிர் எனக்கு இன்றும் உண்டு. சாரல் காலத்தில் அருவிக்கு வரும் கார்களும், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பாதையை அடைத்துவிடும். தென்காசியிலிருந்து ஃபாதரின் பைக் எங்கே வந்து சேர? அப்பாதான் மணியடிப்பார், பைபிள் வாசகம் வாசிப்பார், இறந்தவர்கள் பெயர் சொல்லிச் செபிப்பார். ஒருமுறை நான் மெதுவாக நழுவப் பார்த்தபோது பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, எங்கன போற? சாமியாரு வரலைன்னா வாசகமும் ஓடிப்போச்சா? அங்கனதான இருக்கு. வந்து உக்காரு."

டேவிட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த என்னை அந்தக் குரல்தான் எழுப்பியது. போய் மணியடித்தேன். வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். அன்றைய நற்செய்தியில், தோட்டத்து வேலைக்கு அப்பன் போகச் சொன்ன இரண்டு மகன்கள். சரி என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போகாதவன் ஒருவன், மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போனவன் இன்னொருவன். வருடக்கணக்காக ஆமென் சொல்லிவரும் நான் இதில் யார் என்று யோசித்தபடியே, என் நெல்லை இங்கிலீஷில் வாசித்து முடித்தேன். மார்கரெட்டின் பெயர் சொல்லிச் செபித்தபோது டேவிட் அழுதார்.

வாசலில் என்னிடம், "நீங்கள் கன்னியாஸ்திரீயா?" என்றார்.

"இல்லை. ஊரில் என் அப்பா செய்கிற வேலை இது."

"ஓ, அவர் பாதிரியாரா!"

கல்யாணமே செய்யாத பாதிரியாருக்கு ஏது மகள் என்ற கேள்வி அவர் முகத்தில் ஓடியது. மரியாதைக்காக அதற்குமேல் கேட்காமல் போய்விட்டார்.

எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அப்பா என்னைப் புகழவில்லை. "அந்தம்மா பேரென்னட்டி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அங்கே ஃபாதர் வேன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டாராம். அப்பா இறந்தவர்களுக்கான செபத்தில் மார்கரெட்டம்மாளையும் சேர்த்திருக்கிறார். செபம் முடிந்ததும் ஒருவர் கேட்டாராம், "யாரு அண்ணாச்சி அது, ஒங்க சொந்தமா?"

"இல்ல," என்றாராம் அப்பா. "எம் மவ ஊர்க்காரவுக."