எனக்காகப் போட்ட பூட்டு

2013ஆம் ஆண்டு, ஐப்பசி மழை நேரம். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட்டைப் பேசிப் பதிவு செய்வார். நான் கேட்டு டைப் செய்வேன். அப்போதுதான் திண்டிவனம் பைபாஸில் என் கணவரின் பைக்கை ஒரு வேன் இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும் என்ற நிலையில் கிளியனூர் வீட்டில் கிடந்தார். என்னை விட்டால் பார்த்துக்கொள்ள யாருமில்லை. வேலையை விடுவதாகச் சொல்லப் போனவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"வீட்லேர்ந்தே டைப் பண்ணும்மா" என்றார் டாக்டரம்மா. உடனே நெட்வொர்க் வேலை செய்யும் கோட்டக்குப்பத்துக்காரரை வரவழைத்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆன் செய்தே வைத்து, அதன் திரையை இன்டர்நெட் வழியாக என் வீட்டில் தெரிய வைக்கலாம், ஒரு பாஸ்வேர்டு போதும் என்றார் டாக்டரம்மா. பாய் தயங்கினார்.

"ஜல்தியா முடிஞ்சிடும் மேடம். ஆனா எவன் வேணா வெளியிலேர்ந்து பாஸ்வேர்டு போட்டுப் பாத்துக்கினே இருப்பான். உள்ள பேஷன்ட் ரிப்போர்ட்டு இருக்கு. விபிஎன் போட்டா தங்கச்சி வூட்டுக்கும் நம்ம நெட்வொர்க்குக்கும் தனி வழி. மத்தவன் நுழைய முடியாது."

டாக்டரம்மா சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை, பாய் மழையில் நனைந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்டர்நெட்டுக்கு நான் வாங்கியிருந்த டேட்டா கார்டில் சிக்னல் தவழ்ந்தது. திரையைக் காட்டும் முறையைச் சோதித்தபோது டாக்டரம்மாவின் குரல் துண்டு துண்டாகக் கேட்டது. விபிஎன்னில் பதிவை மட்டும் இறக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்க முடிந்தது. என் கை கணவருக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று மேசையைக் கட்டிலோரம் நகர்த்தினார். நீளமான ஒயர் இழுத்து, டேட்டா கார்டை ஜன்னலில் கட்டினார்.

ஆனால் நான் வேலை செய்யும் ஃபோல்டர் மட்டும்தான் எனக்குத் திறக்கும். ஒவ்வொரு முறை நுழையவும் என் போனில் ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால்தான் திறக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன நம்பலையா பாய்?"

அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சவுதில ஒரு ஆபீஸ்ல இருந்தேம்மா. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஏதோ ஃபைல் வெளிய போயிடுச்சு. நான்தான்னு ஊருக்கு ஏத்தி உட்டுட்டாங்க. நான் இல்லன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒருத்தரும் உன்ன கை காட்டக் கூடாது. அதுக்குத்தாம்மா இந்தப் பூட்டு."

விபத்துக்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்த என் கணவர், மெல்லத் தலையைத் திருப்பினார். "பாய், டீ குடிச்சிட்டுதான் போவணும்" என்றார்.

பங்குனியில் என் கணவர் கோல் ஊன்றி வாசல் வரை நடந்தார். அதுவரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான். என்னை நம்பியவர்கள் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். அந்த நம்பிக்கையால் எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர் பாய் ஒருவர்தான்.