பழைய விலாசத்தில் இரண்டு பேர்

போன மாதம் என் வெப்சைட்டை மாற்றினேன். புது டிசைன், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது விலாசம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? வீட்டில் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை, சைட்டில் இருக்கும் என் நம்பருக்கு ஒரு போன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பெயர் தனசேகரன். மழை நாளில் பீச் ரோட்டில் நடந்ததைப் பற்றி நான் எப்போதோ எழுதிய கட்டுரையைத் திறந்தால், 'பக்கம் இல்லை' என்று வருகிறதாம்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன்.

"கட்டுரைக்காக இல்ல சார்... அதுக்குக் கீழ, கமென்ட்ல, ஒரு அம்மா வருவாங்க."

பெயர் மரி தெரேஸ். புதுச்சேரியில் பிறந்து, பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் இருப்பவர். கணவர் இறந்த பிறகு தமிழில் பேச ஆள் இல்லை. தனசேகரனும் தனி ஆள். என் கட்டுரைக்கு அடியில் இருவரும் தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே என்ன சமையல், அங்கே குளிர் எப்படி... எழுதிய எனக்கே இது தெரியாது!

போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லையா என்றேன்.

"கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களோன்னு... கேக்கல சார்."

சைட்டை மாற்றிக் கொடுத்த நஸ்ரினைக் கூப்பிட்டேன். பழைய விலாசத்தைத் தட்டினால் தானாகவே புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் வசதி உண்டு – ரீடைரக்ட் என்பார்கள். நிறையப் பேர் படிக்கும் கட்டுரைகளுக்கு மட்டும் அதைச் செய்திருந்தாள்.

"இதுக்கு ரெண்டே பேருதான் வர்றாங்கன்னு விட்டுட்டேன் அங்கிள்."

மதியத்துக்குள் சரிசெய்தாள். கமென்ட்டுகளும் பத்திரம்.

தனசேகரன் உடனே எழுதினார்: 'பக்கம் வந்துடுச்சி. இருக்கீங்களா?'

பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அந்த அம்மா, அவ்வளவுதான் என்று போயே போயிருந்தால்? துலூஸில் அவரை எங்கே தேடுவது? காபியை ஆறவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை, பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். 'போன்ழூர். பக்கம் இல்லன்னதும் உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன். மனசு கேக்கல, இன்னொரு தடவ தட்டிப் பாத்தேன்.'

இந்த முறை தனசேகரன் யோசிக்கவில்லை. தன் நம்பரை அங்கேயே போட்டுவிட்டார். சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "நம்பர அழிச்சிடுங்க சார், அவங்க பேசிட்டாங்க" என்றார். குரலில் அப்படியொரு வெட்கம்.

அழித்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வரவில்லை. இனி வராது என்றும் தெரியும். ஆனாலும் எழுந்ததும் கை அதைத்தான் திறக்கிறது.

நல்லது நடந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியவன் – பக்கத்து வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பிரித்த மறுநாள் போல உட்கார்ந்திருக்கிறேன்.