கண்ணாடி போடாத படம்

தலத்தெருவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்பதையும் வரைந்தவர் ஒருவரே, பட்டினச்சேரி பால்வாடி டீச்சர். எந்தக் கண்காட்சியிலும் அவர் படம் வைத்ததில்லை, எந்தப் பத்திரிகையிலும் அவர் பெயர் வந்ததில்லை. அவருடைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான் என்று கொஞ்ச நாள் மிதப்பில் திரிந்தேன். “வேற யாரும் வாங்கலைங்கிறது ஒரு பெருமையா?” என்று மனைவி கேட்டதில் பாதி மிதப்பு இறங்கியது. மீதியை டீச்சரே இறக்கிவிட்டார்.

படங்கள் வந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தது டீச்சரின் அம்மா. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் ஒரு நாள், மீன் கூடையோடு ஒரு பிளைவுட் பலகையையும் இறக்கினார். படகு கட்டும் இடத்தில் மிஞ்சிய துண்டு அது. அதில் பட்டினச்சேரிக் கரை, நீலப் படகு, ஒற்றைத் தென்னை, முன்னால் கூடையோடு காத்து நிற்கும் ஒரு பெண். பெண் வேறு யாருமில்லை, எதிரே நின்ற மீன்காரம்மாவேதான். மகள் கிறுக்கியது, வீட்டில் வைக்க இடமில்லை, வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். விலை என்று வந்ததும் சங்கரா மீனுக்குக்கூடக் காட்டாத கறாரைக் காட்டினார். அந்தத் தென்னைக்காகவே வாங்கினேன். ஒரு வாரம் கூடமெல்லாம் கவிச்சி வாடை. மற்ற எட்டும் பின்னால் ஒவ்வொன்றாக இதே கூடையோடு வந்தவைதான்.

அதன் பிறகுதான் டீச்சர் வர ஆரம்பித்தார். சனிக்கிழமை பால்வாடி கிடையாது. ஊரெல்லாம் சனி பகவானைத் தேடித் திருநள்ளாறு போகும் நாளில் எனக்கு மட்டும் வீடு தேடி வந்தது. படத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். மனைவி காபி கொடுத்தாள். நான் சற்றே கண்ணயர்ந்தேன். விழித்துப் பார்த்தால் படத்தில் தென்னையைக் காணோம். கைப்பையிலிருந்த பிரஷ்ஷையும் பெயின்ட்டையும் எடுத்து, மரம் நின்ற இடத்தில் வானத்தைப் பூசிவிட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மரத்துக்காகத்தானே வாங்கினேன் என்றேன். அவர் பதறவே இல்லை.

“மரம் புயல்ல விழுந்துருச்சு சார். இல்லாத மரத்தப் போட்டா படம் பொய் சொல்லுதுல்ல?”

ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்களாம். பட்டினச்சேரியிலிருந்து எங்கள் கூடத்துக்குப் படம் பார்க்க இதுவரை ஒரு ஈ காக்கா வந்ததில்லை.

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. படகுக்காரர் நீலத்தை மாற்றிப் பச்சை அடித்தார்; அடுத்த சனிக்கிழமை என் படகும் பச்சையானது. விற்ற மாட்டைப் பார்க்க வருகிறவர்கள் வைக்கோலாவது கொண்டுவருவார்கள், இவர் கொம்பை அறுத்துக்கொண்டு போகிறாரே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் டீச்சர் கட்சி. “படம் உங்களுது, ஊரு அவங்களுது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அடுத்தது அம்மாவின் முறை. நிஜ அம்மாவுக்குத் தலை நரைக்க, படத்து அம்மாவுக்கும் நரைத்தது. நிஜ அம்மாவுக்கு முட்டி வலி வந்து அதிக நேரம் நிற்க முடியாமல் போக, படத்து அம்மாவும் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். மீன் கொடுத்துவிட்டு அவர் கூடத்துக்கு வந்து தன்னையே உற்றுப் பார்ப்பார். மகள் தன்னைக் கிழவியாக்கிவிட்டதில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. எப்போதும் ஒரே குறைதான்: “மூக்குத்திய எங்கங்க? ஊரே பாக்குற மூக்குத்தி, பெத்த பொண்ணு கண்ணுக்கு மட்டும் தெரியல.” புளியங்கொட்டை அளவு முகத்தில் மூக்குத்தியை எங்கே வைப்பது என்பது மகளின் கட்சி.

ஒரு கட்டத்தில் பொறுக்க மாட்டாமல் ஃப்ரேம் கடையில் அளவு கொடுத்து, அந்தப் படத்துக்கு ஒரு கண்ணாடி வெட்டி வாங்கி வந்தேன். கண்ணாடி போட்டுவிட்டால் பிரஷ் எப்படி நுழையும்? டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னும் முடியல சார்” என்றார். எப்போது முடியும் என்று கேட்டால் காபியை ஆற்ற ஆரம்பித்தார். மனைவி கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் மீன் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு பட்டினச்சேரி போனோம். மீன் வாங்கும் வீடு என்றுகூடப் பார்க்காமல் என் முகத்துக்கு நேரே, “உங்களுக்கு மீனும் பாக்கத் தெரியாது, ஒண்ணும் தெரியாது” என்று சொன்ன அம்மா, ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கருமாதி முடிந்த பிறகு ஒரு யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. இல்லாத மரத்தை எடுத்தவர், இல்லாத அம்மாவை விட்டுவைப்பாரா? வெள்ளிக்கிழமை படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன். மறுநாளே டீச்சர் கைப்பையோடு வந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். ஃப்ரேம் கடைக்குக் கொடுத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். என் மனைவி இருக்கிறாளே, நேரே உள்ளே போய்ப் படத்தைத் தூக்கி வந்து டீச்சர் மடியில் வைத்துவிட்டாள்.

டீச்சர் பையைத் திறந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“மரத்த எடுத்தீங்க, பொறுத்துக்கிட்டேன். இவங்கள எடுக்காதீங்க டீச்சர்.”

அவர் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, நுனியில் துளி மஞ்சளைத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவின் மூக்கில் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அந்தச் சின்ன முகத்தில் மூக்குத்திக்கு இடம் இருக்கத்தான் இருந்தது. பிரஷ்ஷைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“இனிமே கண்ணாடி போட்டுக்குங்க சார். அம்மா இனி மாறாது.”

அன்று காபி குடிக்காமல் போய்விட்டார். அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை. மனைவி மட்டும் சனிக்கிழமை தவறாமல் பால் கொஞ்சம் கூட வாங்குகிறாள். நான் கண்ணாடியைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

போன வாரம் பைக்கை எடுத்துக்கொண்டு நானே பட்டினச்சேரிக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைப் படகுக்கு இப்போது சிவப்பு அடித்திருக்கிறார்கள். அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் செய்தேன்.

“படகு செவப்பாயிருச்சு டீச்சர். வீட்டுல படம் பொய் சொல்லுது. எப்ப வர்றீங்க?”