கதவுப் பக்கம் வந்த தண்ணீர்

தொழில் வட்டாரத்தில் எனக்கு ரசமட்டம் என்று பெயர். தரையின் ஏற்ற இறக்கம் பார்க்கும் அந்தக் கருவியே எனக்குத் தேவையில்லை, கண்ணாலேயே சொல்லிவிடுவேன் என்று இருபது வருடமாகப் பீற்றிக்கொண்டதற்குக் கிடைத்த பட்டம் அது. டைல்ஸ் போடுவது தொழில். வாய் அடிப்பது உபதொழில்.

நாற்பத்து நான்கு வயதில் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான் வெளிநாட்டு ஆசை வந்தது. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அங்கே தனி விசா உண்டு, டைல்ஸ் வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, பாதி வேலையை மெஷினே பார்த்துக்கொள்ளும் என்றார் விசா ஏஜென்ட். இங்கேயே இருந்தால் என் கால் இன்னும் மூன்று வருடம் தாங்கினால் அதிகம். மகளின் படிப்பு முடிய ஐந்து வருடம் இருந்தது. ஆனால் நாற்பத்தைந்து ஆவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் வைக்கும் தொழில் தேர்விலும் தேற வேண்டும். பிறந்தநாளுக்கு இருபத்தாறு நாள்தான் பாக்கி.

"செஞ்ச வேலைக்கு போட்டோ ஏதாவது இருக்காண்ணே?" என்று ஏஜென்ட் கேட்டார்.

இருக்காவா? போனில் நாலாயிரம் படம் வைத்திருந்தேன். குளியலறை, சமையலறை, மொட்டை மாடி, ஒரு கல்யாண மண்டபம்கூட. பெருமையாக நீட்டினேன். அவர் தள்ளிக்கொண்டே போனார்.

"எல்லாம் தரையா இருக்கேண்ணே. இதுல நீங்க எங்க?"

நானும் தேடினேன். ஒரே ஒரு படத்தில் என் கட்டைவிரல் இருந்தது. அதுவும் லென்ஸை மறைத்துக்கொண்டு.

அதற்கு மாற்றுவழி இருந்தது. ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை செய்து, வெட்டாமல் ஒட்டாமல் வீடியோவாக அனுப்ப வேண்டும். கடைசியில் தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிற வாட்டம், அதாவது தரையின் சரிவு, சரியாக இருப்பதையும் காட்ட வேண்டும். எங்கே செய்வது என்று யோசிக்கக்கூட என் மனைவி விடவில்லை.

"பதினாறு வருஷமா நம்ம பாத்ரூம் சிமெண்டு தரையா கெடக்கு. இப்பவாவது அதுக்கு விடிவுகாலம் வரட்டும்."

படப்பிடிப்பும் அவள் பொறுப்புதான். கதவருகே ஸ்டூல் போட்டு, அதன்மேல் போனை நிறுத்தினாள். நான் இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளைக் களையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். வழக்கமாகக் கதவுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன். தண்ணீர் இறங்கும் ஜாலி இருக்கிற உள்சுவரில் ஆரம்பித்து, போடப் போடப் பின்னால் நகர்ந்து வெளியே வருவேன். அப்படி உட்கார்ந்தால் வீடியோவில் முகம் எப்படித் தெரியும்? நாலாயிரம் படத்தில் விட்டதை ஒரே நாளில் பிடிக்க வேண்டுமே. அதனால் கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

கை மட்டும் திரும்பவில்லை. எனக்கு எதிர்ப்பக்கம் தாழ்வாகப் போட்டே பழகிய கை, அன்றும் அதையே செய்தது. ஊருக்குக் காட்டுவதற்காக ரசமட்டமும் வைத்துப் பார்த்தேன். குமிழி எப்போதும் போல மேடான பக்கம், அதாவது என் பக்கம் நின்றது. சரியாகத்தான் இருக்கிறது என்று தட்டிக்கொண்டே போனேன். முடித்து நிமிர்ந்தால் ஈரம் காயாத தரைக்கு அந்தப் பக்கம் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் வாளியைக் கவிழ்த்து, குறுக்கே பலகை போட்டு என்னை வெளியே எடுத்தாள். எல்லாம் பதிவாகியிருக்கிறது.

மறுநாள் மாலை கேமராவைப் பார்த்து ஒரு சின்ன உரை நிகழ்த்திவிட்டு, ஒரு வாளி தண்ணீரைச் சாய்த்தேன். உள் மூலையில் இருந்த ஜாலியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, தண்ணி என்கிட்ட வருது," என்றாள் அவள்.

 அப்படியே அனுப்பினால் தேர்வு காலி. வெட்டி எடுத்தாலும் காலி. வேறு வழியில்லாமல், கேமரா ஓட ஓடவே மொத்தத் தரையையும் உடைத்தேன். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மறுபடி போட்டேன். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் சமர்த்தாக ஜாலிக்குள் இறங்கியது. எதையும் வெட்டாமல் எல்லாவற்றையும் அப்படியே அனுப்பினோம்.

பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வீடியோ காலில் நேர்காணல் வைத்தார்கள். தேர்வாளர் பேசுவதை ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். முதல் கேள்வி, ஏன் உடைத்தீர்கள்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு சார். நான் குடியிருக்கிற வீடு."

"அடுத்தவங்க வீடா இருந்தா?"

உடைத்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டீச்சர் வீட்டுக் கதை தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அங்கே நான் போட்ட பாத்ரூம் தரையில் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியது. அடுத்த வேலை காத்திருந்ததால், "வைப்பர் வச்சு தள்ளி விடுங்க டீச்சர், பழகிடும்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

"ஒரு வீட்ல உடைக்காம வந்துட்டேன் சார்," என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது. தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். விசா போச்சு என்று அன்றைக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. அன்றே விண்ணப்பமும் போய்விட்டது. நான் ஏஜென்டுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், அவள் சுத்தியலையும் உளியையும் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். தேர்வில் தேறிய கதையையும், தரையை உடைத்துச் சரிசெய்ய வந்திருப்பதையும் சொன்னேன். உள்ளே போய் ஒரு வைப்பரை எடுத்து வந்து காட்டினார்.

"இது மூணாவது. மொத ரெண்டும் தேஞ்சு போச்சு." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சையில பாஸாமே. யாருப்பா திருத்தினது?"

பையைத் தூக்கிக்கொண்டேன். உள்ளே போய், கதவுக்கு முதுகு காட்டி மண்டியிட்டேன்.