சுவர் ஒட்டாத வீடு

அம்மா குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கூட்டித் துடைக்கிறவளுக்கு எண்ணிப் பார்க்க எங்கே நேரம் என்பாள். இங்கே இலங்கையில், தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகளில், எங்களுக்குக் காம்பரா என்று ஓர் அறையும் முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணையும் இருக்கின்றன. இரண்டுமே அம்மாவுடைய வீடு இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே வீடு இன்டர்நெட்டில் இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். ஆறின மனதோடு எழுதவில்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனவன் என் மாமா மகன். எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. வெள்ளைக்காரர்களோடு பழகிப் பழகி ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, கதை அளப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். எனக்கு அவன், அவனுக்கு நான் என்று இரண்டு குடும்பத்திலும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். பரிசம் போடவில்லை, அவ்வளவுதான் பாக்கி. ஒரு தைப்பொங்கலுக்கு எங்கள் லயத்துக்கு வந்தவன் என் போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"மெஷினே வேணாம் புள்ள. கம்ப்யூட்டர் வேணாம், டிவியில மாட்டுற பொட்டியும் வேணாம். கேம் ஓடுறது எங்கயோ வெளிநாட்டுல. நம்ம போனுக்கு வர்றது வெறும் படந்தான். ஒன்னோட இந்த ஓட்ட போன்லயே ஓடும் பாரேன்."

ஓடியது. ஒரு போட்டோவைத் திறக்கவே மூச்சு வாங்குகிற என் போனில் மலையும் ஏரியும் மரங்களும் அசைந்தன. பொய் சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பதுளைக் கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் விளையாட்டுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்துவிடுகிற ஆட்கள் நாங்கள். இப்போது அந்தப் பெட்டியே தேவையில்லை என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது.

சண்டை, துப்பாக்கி ஒன்றும் இல்லாத கேம் அது. வெறும் நிலம் ஒன்று கிடைக்கும், அதில் கல் வைத்துச் சுவர் எழுப்பி வீடு கட்டலாம், தோட்டம் போடலாம். வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் அந்த நிலத்தில் நடமாடலாம், பேசலாம். அதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. மாமா மகன் தன் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதற்குக் கீழே எனக்கும் அம்மாவுக்கும் பெயர் போட்டுக் கொடுத்தான். கணக்கு அவன் பேரிலா என்று நான் கேட்டபோது அம்மா குவைத்திலிருந்து போனிலேயே என்னை அதட்டினாள்.

"யாரு பேர்ல இருந்தா என்ன? அவன் யாரு, நம்ம புள்ளதானே."

தோட்டத்தில் அப்படித்தான். வேலைக்குப் பெயர் பதிந்த ஒருவர் இருந்தால் அவர் பெயரில் காம்பரா, அதில் குடும்பம் முழுக்க இருக்கும். அம்மா வெளிநாடு போனதும் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். அப்பாவின் பெயர் இருப்பதால் கூரை மிஞ்சியது. அந்தக் கூரைக்காகத்தான் நெஞ்சு இழுக்க இழுக்க அப்பா இன்னும் தேயிலை ஃபெக்டரிக்குப் போய்வருகிறார். பெயர் போனால் வீடு போகும் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. அப்படிப்பட்ட நாங்கள், சொந்தக்காரனிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. எனக்குப் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கடையின் இன்டர்நெட் லைனில் விளையாட முதலாளி விடுவார். தோட்டத்தில் போன் டேட்டாவில் விளையாடலாம் என்று நினைத்தால் நடக்காது. அந்தக் கேம் டேட்டாவைக் குடித்துத் தீர்த்துவிடும். பனி மூடிவிட்டால் சிக்னலும் போய், படம் கட்டம் கட்டமாக உடையும்.

அம்மா போட்ட முதல் கட்டளை இதுதான்: "எந்தப் பக்கமும் யாரு வீட்டுச் சொவரும் ஒட்டக்கூடாது பாப்பா. நாலு பக்கமும் ஜன்னல் வேணும்."

லயத்தில் பக்கத்துக் காம்பராவின் இருமல், சண்டை, ரேடியோ எல்லாம் நம்முடையவை. நம்முடையதும் அவர்களுடையது. நான் பிறந்ததிலிருந்து அம்மா சத்தமாக அழுது கேட்டதில்லை. வெளிநாடு போக வேன் ஏறிய நாளில்கூட முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான் அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்ற பழக்கம் அவ்வளவு ஊறியிருந்தது.

எனவே மலைச்சரிவில் தனியாக நிற்கிற வீடாகக் கட்டினோம். சமையலறைக்குக் கிழக்கே ஜன்னல் வைத்தோம், வாசலுக்கு நாலு படி வைத்தோம், அம்மா சாமி விளக்குக்கு ஒரு மாடம் கேட்டாள். எனக்கும் மாமா மகனுக்கும் என்று ஓர் அறையையும் அவளே கட்டினாள். கல்லை ஒரு பக்கம் வைத்தால் அது கொஞ்சம் பொறுத்துத்தான் போய் உட்காரும். கதவைத் திற என்றால் உடனே திறக்காது. எங்கள் கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டுமல்லவா.

"இந்தக் கதவு நம்ம கணக்கப்பிள்ள மாதிரி. சொன்னதுக்கு அப்புறம் நின்னு யோசிக்குது," என்பாள் அம்மா.

வாரம் முழுக்க ஊரார் வீட்டைத் துடைத்தவள், ஓய்வு நாளில் இந்த வீட்டில் துடைப்பம் தேடினாள். தூசியே விழாத வீடு என்று தெரிந்ததும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் வீட்டை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து போனில் படம் பிடித்துக்கொள்வாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற மாதிரி அது அவளுக்கு.

பிறகு மாமா மகன் வருவது குறைந்தது. சீசன், கெஸ்ட் ஹவுஸில் ஆட்கள் நிறைய என்றான். எல்லயில் எப்போது சீசன் இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் அம்மா உள்ளே போய்விட்டாள். போனில் அவள் குரல் பதறியது.

"பாப்பா, வெரசா வா. நம்ம வீட்ட யாரோ லயமாக்கிட்டாங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அறைகள் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கதவிலும் ஓர் எண். எங்கள் பக்கத்து ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். மாடத்தில் விளக்கு இல்லை. சமையலறையை மட்டும் யாரும் தொடவில்லை. வாசற்படியில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் உருவம் நின்றது.

"ஹலோ, யாரு நீங்க?" என்றது ஒரு குரல். நல்ல இனிமையான குரல்.

"நீங்க யாரு? இது எங்க வீடு," என்றேன்.

என் வார்த்தை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவளாகச் சிரித்தாள்.

"இல்லீங்களே, இது எங்களோடது. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லயில நாங்க கட்டப்போற கெஸ்ட் ஹவுஸ். எப்படி வரும்னு சும்மா இதுல கட்டிப் பாக்குறோம்."

நாங்கள் என்றால் யார் என்று கேட்டேன். அவள் மாமா மகனின் பெயரைச் சொன்னாள். அம்மாவின் உருவம் சமையலறை வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. லைன் நின்றதா, அம்மா நின்றாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருக்கோ பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். அதைத் தலைகீழாக எடுத்திருக்கிறேன் என்று அந்த ஆள் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் எங்கள் பெயர்கள் உள்ளே போகவில்லை. கணக்குக்காரரைத் தொடர்புகொள்ளவும் என்று போன் சொன்னது. தொடர்புகொள்ள நான் ஞாயிற்றுக்கிழமை ரயில் கோச்சி ஏறி எல்லவுக்கே போனேன். என்னைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுத்தான், வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அவங்களுக்கு இங்க காணி இருக்கு. எனக்கு என்னா இருக்கு? ஒனக்குத்தான் என்னா இருக்கு புள்ள?"

"சரி மச்சான், கட்டிக்கங்க. அம்மாவோட வீட்ட ஏன் தொட்டீங்க?"

"அட, அது கேம்தானே. கணக்கும் எம் பேர்லதானே இருக்கு."

அம்மாவின் பெயரை வெட்டிய நாளில் தோட்டத்து ஒபிஸில் பேசிய அதே குரல். அவனும் லயத்தில் பிறந்தவன், அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவன். எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்க வேண்டியதில்லை. தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சில மாதங்களில் அந்தக் கேம் ஓடுகிற சேவையையே கம்பனி மூடிவிட்டது. காரணம் எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள். கட்டியதில் ஒரு கல்லைக்கூட யாரும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. எப்படி முடியும்? அது ஒரு நாளும் எங்கள் போனில் இருந்ததே இல்லை. அனுப்பும்வரை படம் வந்தது, நிறுத்தினார்கள், நின்றது. எங்களை ஏமாற்றியவனையும் அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கேட்டபோது வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

ஒரு நாள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "அவன் கூப்ட்டான். நெசமாவே கட்டப்போறானாம். மேசனுக்குக் காட்ட நம்ம வீட்டுப் படம் இருந்தா குடுங்க அத்தைன்னான்."

"நீ?"

"அனுப்பிட்டேன்."

"ஒனக்கு வெக்கமா இல்லையாம்மா?"

"எங்கயாவது ஒரு எடத்துல அது நெசமா நிக்கட்டும்டி. ஒன்னே ஒன்னு சொல்லியிருக்கேன். சொவத்துல சொவரு ஒட்டக்கூடாதுன்னு. சரி அத்தைன்னான்."

அவன் செய்ததைவிட இது எனக்கு வலித்தது. நான் அவமானப்பட்டு வந்த இடத்துக்கு என் அம்மாவே படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அழைத்தபோது நான் போனை எடுக்கவில்லை.

போன மாதம் எல்லவுக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அதைப் பார்க்கத்தான் போனேன். ரோட்டில் நின்றே தெரிந்தது. நடுவில் அம்மாவின் வீடு. அதே நாலு படி, அதே சமையலறை, கிழக்கே அதே ஜன்னல். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஓர் எண். எல்லாவற்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரே தகரக் கூரை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா அழைத்தபோது எடுத்தேன். எல்லவுக்குப் போய்வந்தேன் என்றதும் கேட்டாள்.

"பாத்தியா? தனியா நிக்குதா?"

"தனியாத்தாம்மா நிக்குது."

"நாலு பக்கமும் ஜன்னல்?"

"நாலு பக்கமும் இருக்கும்மா."

லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனைப் பார்த்தேன், போகவில்லை. பிறகு கேட்டது. குவைத்தில், யாரோ ஒருவருடைய வீட்டில் நின்றுகொண்டு, அம்மா வாய்விட்டு அழுதாள்.