வண்ணக் கட்டிகளைப் பூட்டிய நாள்

இறக்குமதிப் பொருள்கள் அருகிப்போயிருந்த எழுபதுகளின் நடுப்பகுதியில், மாத்தளைப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்தேன். கண்டியில் தேடி வாங்கிய வண்ண வெண்கட்டிப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. ஐதரசன் அணுக்கள் இரண்டு பிணைவதைக் கரும்பலகையில் வரைகையில், ஓர் அணுவின் இலத்திரனை வெள்ளைப் புள்ளியாகவும் மற்றதனுடையதைச் சிவப்புப் புள்ளியாகவும் இடுவேன். இரண்டையும் அவை பங்கிட்டுக்கொள்கின்றன என்பேன். அவ்வளவே என் விளக்கம்.

ஒருநாள் முன்வரிசை மாணவி எழுந்தாள். “சேர், சேர்ந்ததுக்குப் பிறகு எது யாரோடதுன்னு அணுவுக்கு எப்படிங்க தெரியும்?”

“அணுவுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். பரீட்சை எழுதப்போவது நீ.”

வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதே வினாவைப் புதிதாக வந்திருந்த இளம் ஆசிரியரிடம் கொண்டுசென்றாள். அவர் மாத்தளைக்கு வடக்கே உள்ள நாலந்தா ஊரிலிருந்து முதற் பேருந்தில் வருபவர். பேச்சில் பாதி ஆங்கிலம். தூய சொல்லொன்று வாயில் வராத அவரை என் மாணவர்கள் சூழ்ந்து நிற்கக் காணுந்தோறும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த தவணையில் அவ்வகுப்பை எங்களுள் யாரிடம் ஒப்படைப்பது என்று அதிபர் எண்ணிக்கொண்டிருந்த வேளை வேறு.

அவர் என் வகுப்புக்கு வந்து விடை சொல்லவிருந்த நாளின் காலையில், வண்ணப் பெட்டி அவர் கைக்கு எட்டாதபடி அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பின்பு வகுப்பின் சாளரத்தோரம் போய் நின்றேன்.

அவர் பலகையில் இரு அணுக்கருக்களைக் குறித்தார். வெள்ளைக் கட்டியைக் கிடையாகப் பிடித்து ஒவ்வொன்றையும் சுற்றி உரசினார், உள்ளங்கையால் தேய்த்தார். இரு வெண்புகைகளும் நடுவே கலந்தன.

“எலக்ட்ரோன் புள்ளியில்ல, அலை. ரெண்டு அலையும் மேட்டோட மேடு சேர்ந்தா நடுவுல அடர்த்தி கூடும். அதுதான் ரெண்டு கருவையும் இழுத்துப் புடிக்குது. மேடும் பள்ளமும் சேர்ந்தா நடுவுல ஒண்ணுமில்ல, பிரிஞ்சிரும். இப்ப இதுல எது யாரோடதுன்னு காட்டு பாப்போம்?”

“முடியாதுங்க சேர்!” என்றாள் அவள், முகம் மலர.

மாலையில் அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். சட்டைக் கையெல்லாம் வெண்பொடி.

“கலர் சோக் தேடினேன் சேர், கெடைக்கல. உங்களைப் போல ரெண்டு கலர்ல புள்ளி வைக்கத்தான் நெனச்சேன். கடைசில கையால தேச்சு சமாளிச்சேன்.”

“தீர்ந்துவிட்டது,” என்றேன்.

வகுப்பு அவருக்கே போயிற்று. பெட்டி இன்றும் என்னிடம் உள்ளது; சிவப்புக் கட்டி பாதியும் தேயவில்லை. அந்த வெண்புகையை நான் வரைந்திருக்கலாமே என்ற எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.